சிற்றாற்றில் வந்த புதுத்தண்ணீர்

குற்றாலத்துக்குக் குளிக்கப் போய்விட்டுத் திரும்புகிறவர்கள் என் வீட்டில் வந்து உட்கார்ந்து, அருவித் தண்ணீர் மூலிகைத் தண்ணீராக்கும், மலையில் இருக்கிற அத்தனை வேரையும் தழுவிக்கொண்டு வருகிறதாக்கும் என்று ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வந்த விருந்தாளியிடம் முகத்தை முறிக்க முடியாது. காப்பி போடுகிற சாக்கில் அடுப்படிக்குள் போய்விடுவேன். என் மகன் இதைக் கண்டுபிடித்துவிட்டான். அம்மாவிடம் குற்றாலத்தைப் பற்றி மட்டும் பேச்செடுக்காதீர்கள் என்று வருகிறவர்களிடம் வாசலிலேயே சொல்லிவிடுகிறான். காரணம் அவனுக்குத் தெரியாது. தெரிந்தவர்களில் மிஞ்சியிருப்பது நான் ஒருத்திதான். அதனால் எழுதி வைக்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. தென்காசியின் மேற்கு ஓரத்தில், குற்றாலம் போகிற சாலையை ஒட்டி எங்கள் வீடு. அப்பா காலமாகிவிட்டார். அம்மாவும் நானும்தான். நான் பக்கத்துத் தெரு ஆரம்பப் பள்ளியில் டீச்சர். எனக்கு வாய் நீளம், அதனால்தான் மாப்பிள்ளை தகைய மாட்டேன் என்கிறது என்று அம்மா வாரம் தவறாமல் சொல்லுவாள். வீட்டுக்குப் பின்னால் இறங்கினால் சிற்றாறு. கொல்லையில் ஒரு கிணறும் இருந்தது, ஆனால் அந்தத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது, அப்படி ஒரு உப்பு. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. பாத்திரம் கழுவவும் மாட்டுக்குக் காட்டவும் கிணறு. குடிக்கவும் பொங்கவும் ஆறு.

கோடையில் ஆறு வற்றிவிடும். மணலில் முழங்கை ஆழம் தோண்டினால் தண்ணீர் ஊறும். வீட்டுக்கு ஓர் ஊற்று. பெண்கள் அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தேங்காய்ச் சிரட்டையால் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு, குடத்து வாயில் கட்டிய துணி வழியாக ஊற்றுவார்கள். ஒரு குடம் நிறைவதற்குள் ஒரு வீட்டு வண்டவாளம் முழுவதையும் பேசித் தீர்த்துவிடலாம். எங்கள் ஊற்றுகளுக்குச் சற்று மேலே, ஆறு திரும்புகிற இடத்தில், கோடையிலும் வற்றாத ஆழமான பள்ளம் ஒன்று இருந்தது. அதைக் கசம் என்போம். ஆற்றில் இருந்த மீனெல்லாம் கோடையில் அந்தக் கசத்துக்குள் வந்து ஒடுங்கிக் கிடக்கும்.

வைகாசி முடியப் போகிற சமயத்தில் மேற்கே மலை கறுக்கும். காற்று திரும்பும். முதல் சாரல் விழுந்து, அருவியில் தண்ணீர் கொட்ட ஆரம்பித்து, அது காய்ந்த மணலை நனைத்துக்கொண்டே வந்து எங்கள் துறையை எட்டும். அதுதான் புதுத்தண்ணி. சருகும் நுரையுமாக, செம்மண் நிறத்தில் வரும். நியாயமாகப் பார்த்தால் வருஷத்திலேயே அழுக்கான தண்ணீர் அதுதான். ஆனால் எங்கள் தெருவில் அதற்கு இருந்த மரியாதை கோயில் தீர்த்தத்துக்குக்கூடக் கிடையாது. கோடை முழுவதும் மலையில் காய்ந்து கிடந்த வேரும் பட்டையும் பச்சிலையும் முதல் மழையில்தான் கரைந்து இறங்குமாம். அதனால் முதல் குடம் நோயாளிக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும். தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறம் உரசி வைத்தால் கலங்கல் எல்லாம் அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்து நிற்கிற தண்ணீரைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகமே வராது.

என் அக்காவை உள்ளூரிலேயேதான் கொடுத்திருந்தது. ஊருக்குள்ளே, தேரடிப் பக்கம் பெரிய வீடு. அத்தானுக்கு வயல்கள் எல்லாம் எங்கள் வீட்டுக்கு மேற்கே, ஆற்றங்கரையில், கசத்தை ஒட்டி. நல்ல மனிதர் என்றுதான் சொல்ல வேண்டும். சிரித்த முகம். அக்காவைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. தாயார் முன்னால் மட்டும் வாய் திறக்க மாட்டார். அந்த அம்மாள் உட்கார் என்றால் உட்காருவார், எழுந்திரு என்றால் எழுந்திருப்பார்.

கல்யாணத்துக்குப் பிறகு அக்காவுக்கு இரண்டு தடவை உண்டாகி இரண்டும் அரைகுறையில் கலைந்துவிட்டது. இரண்டாவது தடவை அவள் துவண்டு கிடந்த அறையின் வாசலிலேயே நின்றுகொண்டு, அவள் காதில் விழ வேண்டும் என்றே, மாமியார் எங்கள் அம்மாவிடம் சொன்னாள். இன்னும் ஒரு தடவை பார்ப்பாளாம். அதுவும் தங்கவில்லை என்றால் மகனுக்கு வேறு பெண் பார்த்துவிடுவாளாம். ஒருத்தி இருக்க இன்னொருத்தியைக் கட்டக் கூடாது என்று சட்டம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. சட்டம் டில்லியில் இருந்தது, நாங்கள் தென்காசியில் இருந்தோம். சொன்னால் செய்கிற பொம்பளை அவள் என்று ஊருக்கே தெரியும்.

அதனால் மூன்றாவது தடவை அக்கா உண்டானபோது வீட்டில் எங்களுக்குச் சத்தமாக மூச்சுவிடக்கூடப் பயம். ஐந்து மாதம் தாண்டியது, ஏழு மாதம் தாண்டியது. வளைகாப்புப் போட்டு எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். அவள் எழுந்தால் அம்மாவும் எழுந்தாள், அவள் கொல்லைக்குப் போனால் அம்மா செம்பைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள். எனக்குச் சிரிப்பாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும். அக்கா மட்டும் எதற்கும் முணுமுணுக்கவில்லை. அந்தப் பிள்ளை பிழைத்து வந்தால்தான் தேரடி வீட்டில் தனக்கு இடம் என்று அவளுக்குத் தெரியும். இதைத் தின்னு என்றால் தின்றாள், அப்படிப் படு என்றால் படுத்தாள். வயிற்றுக்குள் பிள்ளை உதைக்கிறபோது மட்டும் என் கையை இழுத்து அங்கே வைத்துக்கொள்வாள்.

அந்த வருஷம் அத்தானும் ஆள் மாறியிருந்தார். முந்தின போகத்தில் நெல்லில் குருத்துப்பூச்சி விழுந்து பாதி விளைச்சல் பதராகப் போயிருந்தது. விவசாய டிப்போவில் எண்ட்ரின் என்று ஒரு மருந்து கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு டின் டின்னாக வாங்கி வந்தார். முதுகில் மாட்டிக்கொண்டு அடிக்கிற பம்பும் வாங்கினார். அந்தப் பக்கத்து வயல்காரர்களில் அவர்தான் முதல் ஆள். தண்ணீரில் கொஞ்சம் விட்டால் பால் மாதிரி வெளுத்துவிடும் என்று எங்கள் வீட்டில் வந்து கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். பூச்சி மட்டுமில்லை, வரப்பில் தவளை, நண்டு, தண்ணீர்ப்பாம்பு எல்லாம் மல்லாந்து கிடந்ததாம். அதைச் சொல்லும்போது அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். நாங்களும் வாயைப் பிளந்துகொண்டுதான் கேட்டோம். இவ்வளவு கெட்டிக்கார மாப்பிள்ளை என்று அம்மாவுக்குப் பூரிப்பு.

புதுத்தண்ணி வருவதற்கு முன்னால் கசத்தில் மீன் பிடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மருக்காரைக் காயைப் பறித்து வந்து, உரலில் இடித்து, சாக்கில் கட்டிக் கசத்துக்குள் போட்டு மிதிப்பார்கள். ஆண்கள் எல்லாம் சேர்ந்து காலையிலிருந்து இடித்தால்தான் சாயந்திரம் மீன் மயங்கி வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கும். குடலை எடுத்துவிட்டு நன்றாகக் கழுவிக் குழம்பு வைத்தால் ஒருத்தருக்கும் ஒன்றும் செய்யாது. அந்தக் காயின் நஞ்சு மீனோடு சரி. இருந்தாலும் ஒரு கட்டுப்பாடு இருந்தது. நஞ்சு போட்டுப் பிடித்த மீனைப் பிள்ளைத்தாய்ச்சி வாயில் வைக்கக் கூடாது. அவள் இருக்கிற வீட்டு அடுப்பில் ஏற்றவே கூடாது என்பாள் அம்மா.

அந்த வருஷம் வைகாசிக் கடைசியில் ஒருநாள் சாயந்திரம் அத்தான் ஓலைப்பெட்டி நிறைய மீனோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். வேட்டியெல்லாம் ஈரம். முகத்தில் சிரிப்பு தாங்கவில்லை.

"இனிமே காயை இடிச்சு யாரும் கை வலிச்சுக் கிடக்க வேண்டாம் அத்தை. அடிச்சது போக மிஞ்சிக் கிடந்த மருந்தைக் கசத்துல ஊத்துனேன். ஒரு சொளவு அரிசி பொடைக்கிற நேரம்தான். அம்புட்டு மீனும் மேல வந்துட்டு."

அம்மா பெட்டியை வாங்கிக்கொண்டாள். மாப்பிள்ளை கையால் கொண்டு வந்ததை வேண்டாம் என்று எப்படிச் சொல்லுவது? மோர் கொடுத்து, நல்ல வார்த்தை சொல்லி அனுப்பினாள். அவர் சாலையில் ஏறித் தலை மறைந்ததுதான் தாமதம், கொல்லையில் வாழை மூட்டில் குழி தோண்டி அத்தனை மீனையும் புதைத்தாள். ஒரு துண்டுகூட வீட்டுக்குள் வரவில்லை. கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். அதற்குப் பிறகும் முகர்ந்து பார்த்துவிட்டு இன்னொரு தடவை கழுவினாள். அக்காவை அந்தப் பக்கமே வர விடவில்லை. இவ்வளவு எச்சரிக்கையாக இருந்த பொம்பளை எங்கள் அம்மா. இதை நினைத்தால்தான் எனக்கு நெஞ்சு பொறுக்காது.

மறுநாள் விடிந்தபோது மலை தெரியவில்லை. ஒரே மூட்டம். ஊசி ஊசியாகச் சாரல். கொஞ்ச நேரத்தில் ஆற்றுப் பக்கம் பெண்கள் குரல் கேட்டது, புதுத்தண்ணி வருதுட்டி என்று. எனக்குக் கோடை விடுமுறை, வீட்டில்தான் இருந்தேன். நானும் இறங்கிப் போய்ப் பார்த்தேன். பெரிய வெள்ளமெல்லாம் இல்லை. கணுக்கால் அளவுத் தண்ணீர், மணலை நக்கிக்கொண்டு மெதுவாக வந்தது. மேலே கசத்தை நிரப்பி, அதிலிருந்து வழிந்து எங்கள் துறைக்கு வருகிற தண்ணீர் அது. கசம் நிறைந்தால் அதற்குள் கிடந்ததுதான் முதலில் வெளியே வரும். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற எனக்கும் அது தோன்றவில்லை, அங்கே குடத்தோடு நின்ற ஒருத்திக்கும் தோன்றவில்லை.

குடத்தில் மொண்டதும் ஒரு வாடை. முந்தின வருஷங்களில் இல்லாத வாடை. மண்ணெண்ணெய் என்று சொல்ல முடியாது, கற்பூரம் என்றும் சொல்ல முடியாது. நடுவில் ஏதோ ஒன்று. பெண்கள் உள்ளங்கையில் ஏந்தி முகர்ந்து பார்த்தார்கள். ஒருத்தி வசம்பு என்றாள். ஒருத்தி மலையில் குங்கிலிய மரத்துப் பால் கரைந்து வந்திருக்கிறது என்றாள். குங்கிலியம்தான் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். இந்த வருஷம் தண்ணீருக்கு வீரியம் கூடுதல் என்று பேசிக்கொண்டார்கள். இரண்டு குடம் எடுக்க வந்தவர்கள் மூன்றாவது குடத்துக்கு ஓடினார்கள். வேறு எந்த ஊராக இருந்தாலும், தண்ணீரில் நாற்றம் அடித்தால் கொட்டிவிட்டுப் போவார்கள். எங்கள் ஊர்க்காரர்கள்தான் நாற்றத்துக்கு ஒரு மூலிகைப் பெயர் வைத்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

அம்மா தேற்றாங்கொட்டை உரசி வைத்து, தெளிந்ததும் அக்காவுக்குப் பெரிய வெண்கலச் செம்பில் மொண்டு கொடுத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு அக்கா முகத்தைச் சுளித்தாள். கசக்குதும்மா என்றாள்.

"கசக்கட்டும். அம்புட்டும் வேரு. பிள்ளைக்கு நல்லது, மூச்சைப் பிடிச்சிக்கிட்டுக் குடிச்சிரு."

குடித்தாள். அன்று காலை முழுக்க அம்மா கொடுக்கக் கொடுக்கக் குடித்தாள். கஞ்சியும் அந்தத் தண்ணீரில்தான். நானும் ஒரு டம்ளர் குடித்தேன். கொஞ்ச நேரத்தில் எனக்குத் தலை கனத்து, கண்ணுக்குள் ஏதோ துடித்தது. கொல்லையில் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து படுத்துவிட்டேன். வாய்க்கொழுப்புக்காரிக்கு மருந்து எப்படிச் சேரும் என்று அம்மா கேலி செய்தாள்.

உச்சிப்பொழுது இருக்கும். அக்கா கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கை தானாக வெட்டி வெட்டி இழுக்கிறது என்று என்னிடம் காட்டினாள். கீரைக் காம்பு விரலில் நிற்கவில்லை. தலையை வலிக்குதுட்டி என்றாள். அடுத்த நிமிஷம் அப்படியே சரிந்தாள். கண் மேலே செருகி, பல் கிட்டி, உடம்பு முழுவதும் உதறியது. அந்த வயிற்றோடு அவள் தரையில் கிடந்து உதறியதை நான் இன்றைக்கும் யாரிடமும் விவரிக்க மாட்டேன். அம்மா ஓடிவந்து அவள் தலையை மடியில் போட்டுக்கொண்டு, என்ன செய்வது என்று தெரியாமல் அந்தக் குடத்துத் தண்ணீரையே எடுத்து முகத்தில் அடித்தாள். வாயிலும் கொஞ்சம் விட்டாள்.

குதிரை வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வழியில் இன்னொரு தடவை வந்தது. லேடி டாக்டர் பார்த்ததும் இது பிள்ளைத்தாய்ச்சிக்கு வருகிற ஜன்னி என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். எட்டு மாத வயிற்றோடு ஒருத்தி வெட்டி வெட்டி இழுத்தால் வேறு எதை நினைப்பாள்? ஊசி போட்டார்கள். இருட்டடித்த ஓர் அறையில் படுக்க வைத்தார்கள். சாயந்திரத்துக்குள் வலி எடுத்தது. பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை, முடியெல்லாம் அடர்த்தியாக, அத்தான் ஜாடை. அழவில்லை. உயிர் இல்லை. ஆயா துணியில் சுற்றி என் கையில் கொடுத்தாள். அம்மாவால் வாங்க முடியவில்லை, நான்தான் வாங்கினேன்.

அதே சாயந்திரம், சாலை முக்கில் டீக்கடை போட்டிருந்தவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவருக்கும் அதே இழுப்பு. கண் செருகி, பல் கிட்டி. ஆண்களைப் பார்க்கிற பெரிய டாக்டர் அவரைப் பார்த்துவிட்டு, லேடி டாக்டரிடம் ஏதோ கேட்டுவிட்டு, எங்களிடம் வந்தார். ஒரே தெருவா, ஒரே இடத்தில் சாப்பிட்டீர்களா என்றெல்லாம் கேட்டார். கடைசியில் தண்ணீருக்கு வந்தார். நான் வீட்டுக்கு ஓடிக் குடத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தேன். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. இந்த வாடை அவருக்குத் தெரியும் என்றார். சாக வேண்டும் என்று வயல் மருந்தைக் குடித்துவிட்டு வருகிறவர்களின் வாயில் இதே வாடைதான் அடிக்குமாம். மேலே யாராவது இதை ஆற்றில் கொட்டினார்களா என்று கேட்டார்.

வாசலில் ஈர வேட்டியோடு நின்ற அத்தான் கண் முன்னால் வந்தார். திரும்பி அம்மாவைப் பார்த்தேன். அவளுக்கும் புரிந்துவிட்டது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் அவள் டாக்டரிடம் என்ன சொன்னாள் தெரியுமா? ஆற்றுத் தண்ணீரை ஒன்றும் சொல்லாதீர்கள், அது மலையிலிருந்து வருகிற தண்ணீர் என்றாள். நான் அவளைச் சத்தம் போட்டுவிட்டு, அத்தான் கசத்தில் மருந்து ஊற்றியதை டாக்டரிடம் நானே சொன்னேன். பிறகுதான் யோசித்தேன். தண்ணீர்தான் காரணம் என்றால் அதைச் செம்பு செம்பாகப் புகட்டியது யார்? சாகிற வரைக்கும் அவள் அதை ஒத்துக்கொள்ளவில்லை. சாகிற வரைக்கும் அவள் செம்பில் தண்ணீர் குடிக்கவும் இல்லை.

ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்று தெருவில் தண்டோரா போட்டார்கள். டாக்டர் வெளியூர்க்காரர், அவருக்கு நம் தண்ணீரைப் பற்றி என்ன தெரியும் என்று அந்தத் தண்டோராக்காரனிடமே கேட்டவர்கள் உண்டு. டீக்கடைக்காரர் பிழைத்துக்கொண்டார். கசத்து மீனைத் தின்றவர்களில் சிலருக்கு வாந்தியும் மயக்கமுமாக இருந்தது, அளவில்லாமல் தின்றால் அப்படித்தான் என்று சொல்லிக்கொண்டார்கள். சாரல் வலுத்தது. நாலைந்து நாளில் ஆறு நிறையத் தண்ணீர் வந்து எல்லாவற்றையும் கீழே அடித்துக்கொண்டு போய்விட்டது. கீழே எந்தெந்த ஊரில் யார் யார் குடித்தார்களோ, எவள் வயிற்றில் என்ன ஆயிற்றோ, யாருக்குத் தெரியும். சீசனுக்கு வந்த வெளியூர்க் கூட்டம் எங்கள் வாசல் வழியாகத்தான் எண்ணெய்த் தலையோடு வண்டி வண்டியாகக் குற்றாலத்துக்குப் போயிற்று.

பெரிய டாக்டர் அத்தானையும் கூப்பிட்டுப் பேசினார் என்று ஆஸ்பத்திரியிலேயே எனக்குத் தெரிந்தது. டாக்டர் அறையை விட்டு வெளியே வந்தவர் வராந்தாச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மனுஷர் அழுதார். அதையும் நான் பார்த்தேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். அப்போது எனக்கு அவர் மேல் இரக்கம்கூட வந்தது. தெரிந்தா செய்தார்? மருக்காரைக் காயைப் போட்டுப் போட்டுப் பழகிய கை, அந்த இடத்தில் இதை ஊற்றிவிட்டது. தன் பிள்ளையையே பறிகொடுத்துவிட்டு நிற்கிறாரே என்று நினைத்தேன்.

தீட்டுக் கழிந்த பிறகு அவர் தாயாரும் அவரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அந்த அம்மாள் கூடத்தில் நடுநாயகமாக உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன், தொடவில்லை. அக்கா உள்ளறையில் இருந்தாள். மாமியார் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தாள். மூன்றும் போய்விட்டது, ஆண் பிள்ளையை முழுங்கிவிட்டு நிற்கிறாள் உன் மகள், அவளைக் கொண்டு போய் வைத்துக்கொண்டு எங்கள் வம்சத்துக்கு என்ன பிரயோஜனம் என்றாள். செங்கோட்டைப் பக்கம் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருக்கிறாளாம். உன் மகள் வர வேண்டும் என்றால் வரட்டும், ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கசம், டின், மீன், மறுநாள் வந்த தண்ணீர், டாக்டர் முகர்ந்து பார்த்தது, ஒன்று விடவில்லை. அக்கா வயிற்றில் ஒரு கோளாறும் கிடையாது, எட்டு மாதம் உதைத்துக்கொண்டிருந்த பிள்ளை அது என்றேன். மாமியார் என்னைப் பார்க்கக்கூட இல்லை. இவ என்னல சொல்லுதா என்று மகனைக் கேட்டாள். அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது அக்கா எழுந்து வந்தாள். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரத்தமில்லாமல் வெளுத்துக் கிடந்தது முகம். மாமியார் இருக்கிற இடத்தில் அவள் அதுவரை புருஷனிடம் நேருக்கு நேர் பேசியதில்லை.

"நான் உங்ககூட வரணும்னு கேக்கல. என் வயித்துல குத்தம் இல்ல, தண்ணியிலதான் குத்தம்னு உங்க வாயால ஒரு தடவ சொல்லிருங்க. அது போதும் எனக்கு."

அவர் தாயாரைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"அந்தத் தண்ணியத் தெருவே குடிச்சுது" என்றார். "மத்தவளுகளுக்கு ஒண்ணும் ஆகலையே."

டீக்கடைக்காரருக்கு இழுத்ததே, அவர் வயிற்றிலும் பிள்ளை இருந்ததா என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன், கத்தினேன். அம்மா என் கையைப் பிடித்து அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டு போனாள். அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். அக்கா அங்கேயே, நிலையைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

ஆவணியில் அவருக்குக் கல்யாணம் ஆயிற்று. அக்கா தேரடி வீட்டு மூலைக்குப் போகவில்லை, எங்களோடேயே இருந்துவிட்டாள். வீட்டு வேலையெல்லாம் செய்தாள். சாப்பிட்டாள், தூங்கினாள். கேட்டால் பதில் சொல்லுவாள். ஆனால் அவர் சொல்லிவிட்டுப் போன அந்த ஒரு வாக்கியம் அவளுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. தெருவில் யாருக்காவது பிள்ளை பிறந்தது என்று கேள்விப்பட்டால், அவளும் அந்தத் தண்ணீரைக் குடித்தவள்தானே என்பாள். நான் டாக்டர் சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொல்லுவேன். சரி சரி என்று தலையை ஆட்டுவாள். ஒருநாள் என்னிடமே கேட்டாள், தண்ணீர் ஒரு சாக்குத்தானோ, என் உடம்பு சரியில்லாததால்தான் அது என்னைப் பிடித்ததோ என்று. அவளை அடிக்கலாமா என்று இருந்தது எனக்கு. அந்த மனுஷன் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு நிம்மதியாகப் போய்விட்டான், அதை இவள் தினமும் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மறுவருஷம் சாரல் தொடங்கியது. செங்கோட்டைக்காரி உண்டாகியிருக்கிறாள் என்று காதில் விழுந்தது. எங்கள் துறையில் வழக்கம்போல் புதுத்தண்ணி பிடித்தார்கள், நானும் அம்மாவும் போகவில்லை. மேற்கே வயல்களில் பம்பு சத்தம் முந்தின வருஷத்தைவிட அதிகமாகக் கேட்டது. இப்போது எல்லாரும் மருந்து அடித்தார்கள்.

அந்த நாட்களில் ஒரு மாட்டு வண்டி தினமும் காலையில் குற்றாலத்திலிருந்து எங்கள் வாசல் வழியாக ஊருக்குள் போகும். வண்டி நிறையப் பித்தளைக் குடங்கள், வாயில் ஈரத் துணி கட்டி, ஆடாமல் இருக்க வைக்கோல் அணைத்து. அத்தானின் பண்ணை வண்டி என்று மாட்டைப் பார்த்தாலே எங்களுக்குத் தெரியும். வண்டிக்காரர் எங்கள் வாசல் வரும்போது மட்டும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். ஒருநாள் அக்கா தெருவில் இறங்கிப் போய் வண்டியை நிறுத்தினாள். நானும் பின்னாலேயே போனேன். இது என்ன அண்ணாச்சி என்று குடங்களைக் காட்டிக் கேட்டாள்.

அவர் சொல்லவே தயங்கினார். அக்கா மூக்கணாங்கயிற்றை விடவில்லை. அப்புறம் மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"சின்னவுகளுக்குக் குடிக்க, மாசமா இருக்காகல்லா. ஆத்துல எடுக்கக் கூடாது, கெணத்துலயும் எடுக்கக் கூடாதுன்னு மொதலாளி சொல்லியிருக்காக. வயக்காடு ஆரம்பிக்கதுக்கு மேல போயி, அருவி விழுத இடத்துலயே பிடிச்சாரணுமாம். அவுகளும் முத நாள் கூடவே வந்து இடத்தக் காட்டிட்டுப் போனாக."

அக்கா கயிற்றை விட்டாள். வண்டி நகர்ந்தது. அது தெருமுக்கில் திரும்பும் வரை பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப அவுகளுக்குத் தெரியும், என்னட்டி?"

தெரியும் என்றேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அழுதபோதே தெரியும் என்றேன். பிள்ளை போனதிலிருந்து அன்று வரை அக்கா அழுது நான் பார்த்ததில்லை. தப்புச் செய்தவள் மாதிரியே தலையைக் குனிந்துகொண்டு ஒரு வருஷம் நடமாடியவள், அந்தச் சாலை ஓரத்திலேயே சேற்றில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்க, தன் பிள்ளைக்காக வாய்விட்டு அழுதாள்.